வீட்டு நூலகத்துக்கு ஒலிநூல்: தெரிவு யாருடைய கையில்?

மாதத்தின் முதற் கிழமையில் என் கைத்தொலைபேசிக்கு ஒரு பட்டியல் தவறாமல் வந்து சேருகின்றது. வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மாரில் எவராவது ஒருவர் அதனை அனுப்பிவைப்பார். புதிதாக வெளிவந்த தமிழ் ஒலிநூல்களின் பட்டியல் அது. கூடவே, "ரீச்சர், இதிலை எதை வாங்கலாம்?" என்றொரு கேள்வியும் இருக்கும்.

தாயகத்தில் ஆறு ஆண்டுகள் தமிழும் வரலாறும் படிப்பித்துவிட்டு, இந்த ரொறன்ரோ நகருக்கு வந்து, பொதி கட்டும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவள் நான். நூல் தெரிந்து கொடுக்கும் தகுதி எனக்கு இருப்பதாக அத் தாய்மார் நம்புகின்றனர். தொடக்கத்தில் நானும் அவ்வாறே நம்பினேன். பட்டியலில் புகழ்பெற்ற பெயர்களாகப் பார்த்துக் குறியிட்டு அனுப்பினேன். இன்று அப்படிச் செய்வதில்லை. "வீட்டில் அம்மம்மா இருக்கிறாவா? முதலில் அவவுக்குக் கேட்கக் கொடுங்கோ" என்றே பதில் எழுதுகின்றேன். இப் பதிலைத் தட்டிக்கழிக்கும் பேச்சாகச் சிலர் எடுத்துக்கொண்டனர் என அறிகின்றேன். அது அவ்வாறன்று என்பதை விளக்கவே இக் கட்டுரையை எழுதுகின்றேன்.

எமது வீடுகளின் நிலையை ஒளிவுமறைவின்றிச் சொல்லவேண்டும். இங்கு பிறந்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் விளங்கும். பேசச் சொன்னால் தயங்கித் தயங்கிப் பேசுவர். வாசிக்கச் சொன்னாலோ, எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒரு வரியை முடிக்குமுன் களைத்துப்போவர். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பதினைந்து வயதுக்குரிய கதை வேண்டும். அப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் தமிழோ பாலர் வகுப்புக்குரியது. நரியும் காகமும் வடையும் எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்கும்? கண்ணுக்கு எட்டாத தமிழ் காதுக்கு எட்டும் என்பதே ஒலிநூலின் பெறுமதி. ஆகவே, எந்த ஒலிநூலை வீட்டுக்குள் கொண்டுவருகின்றோம் என்பது வெறும் பொழுதுபோக்குப் பற்றிய கேள்வி அன்று. எந்தத் தமிழ் எம் பிள்ளைகளின் காதில் தங்கப்போகின்றது என்ற கேள்வி அது.

காதாற் படித்த சமூகம்

நூலைக் காதாற் படிப்பது எமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நடைபெற்ற புராணபடனத்தை என் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தை ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். எழுத்தறியாத கமக்காரரும் பயன் கேட்டே புராணம் முழுவதையும் அறிந்திருந்தனர். கோயிலின் உள்ளே செல்ல அனுமதிக்கப்படாது வெளியே நின்றவர்களும் எம் ஊர்களில் இருந்தனர் என்பதை மறைப்பது நேர்மையாகாது. எனினும் கேட்டுப் படிக்கும் வழக்கம் எம் வாழ்வில் ஆழ ஊறியிருந்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் எமது பண்பாட்டைக் கந்தபுராண கலாசாரம் என்று குறிப்பிட்டதும் இதனாலன்றோ? திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் இரு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்ற அதிகாரத்தை வைத்துள்ளார். கல்லாதவனுக்கும் கேள்வி ஊன்றுகோலாகும் என்பது அங்கு அவர் தரும் அறிவுரை.

மேற்கு நாடுகளில் இது பின்னரே தொடங்கிற்று. 1877 இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்த எடிசன், பார்வையற்றோருக்கு நூல்களை வாசித்துக்காட்ட அது பயன்படும் என்று மறு ஆண்டே எழுதினார். பிரித்தானியாவில் 1935 இல் பேசும் நூல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. முதலாம் உலகப் போரிற் கண்ணை இழந்த படைவீரர்களை மனத்திற்கொண்டு எழுந்த சேவை அது. முதல் நூல்களுள் அகதா கிறிஸ்ரியின் துப்பறியும் நாவலொன்றும் யோசப் கொன்ராட்டின் கடற்கதையொன்றும் இருந்தன. எதை முதலில் வாசிப்பது, யாரைக் கொண்டு வாசிப்பிப்பது என்ற தெரிவு அன்றே தொடங்கிவிட்டது. அதே தெரிவு இன்று எமது சமையலறை மேசைக்கு வந்திருக்கின்றது.

ஓர் ஒலிநாடாவின் கதை

என் தகப்பனார் ஊர்க் கோயிலிற் பயன் சொல்பவர். 1988 இல் மைத்துனர் ஒருவர் அவரது குரலை ஓர் ஒலிநாடாவிற் பதிந்து தந்தார். 1990 இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் பற்றரியும் இல்லை. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்துவைத்து மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தைக் கொண்டு வானொலி கேட்ட காலம் அது. எங்கள் வீட்டில் அந்த நாடாவையும் அவ்வாறே கேட்டோம். சுற்றும் தம்பியின் கை சோர்ந்தால் அப்பாவின் குரல் இழுபட்டுத் தடித்துப்போகும். அதைக் கேட்டு அப்பாவே சிரிப்பார்.

1994 இல் அவர் காலமானார். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக வெளியேறியபோது, அரிசியும் உடுப்பும் சான்றிதழ்களும் துவிச்சக்கரவண்டியில் ஏறின. ஒலிநாடா அலுமாரியில் இருந்தது. அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தபொழுது அலுமாரியே இல்லை. அம் மைத்துனரிடமும் பிரதி இருக்கவில்லை. இன்று அப்பாவின் முகம் எனக்கு நினைவிருக்கின்றது. படம் இருக்கின்றது. குரல் இல்லை.

1981 மே 31ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகளும் அவற்றுள் அடங்கும். ஒரே பிரதியாக வைத்திருப்பது என்றோ ஒருநாள் இழப்பதற்காகவே என்பதை எங்களைவிட வேறு யார் நன்றாக அறிவார்? இதனை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒலிநூல் வாங்கும்போது பிரதி பற்றிய கேள்வி மீண்டும் எழுகின்றது. அதனைப் பின்னர் கூறுவேன்.

மூச்செடுக்காத வாசகர்

சென்ற குளிர்காலத்தில் வரலாற்று நாவல் ஒன்றைப் புதிய வெளியீடுகளிலிருந்து தெரிந்து வாங்கினேன். விலை குறைவு. அட்டைப்படம் அழகு. குரலும் தெளிவு. என் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. கண் பார்வை மங்கி, ஒன்பதாம் மாடியிலுள்ள வீட்டில் பகல் முழுதும் தனியே இருப்பவர். இளைய மகளுக்குப் பதினைந்து வயது. இருவரும் அருகருகே இருந்து கேட்டனர். கால் மணி நேரம் சென்றிருக்கும். அம்மா தலையை நிமிர்த்தி, "பிள்ளை, ஆர் இவர்? இவர் மூச்செடுக்கிறேல்லையே" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பின்னர் தேடிப் பார்த்தேன். வாசித்தவர் பெயர் எங்குமே இல்லை. விபரக் குறிப்பின் அடியில், சிறிய எழுத்தில், கணினியினால் உருவாக்கப்பட்ட குரல் என்றிருந்தது.

தமிழ் எழுத்தில் ஒரே பகரம் பல ஒலிகளுக்கு நிற்கின்றது. இடமறிந்து ஒலிப்பது வாசிப்பவரின் பொறுப்பு. அந்த நாவலில், நாட்டியமாடும் பெண்ணொருத்தியின் முகத்திலே தோன்றிய பாவத்தை, அவள் செய்த பாவமாகவே அக் குரல் ஒலித்துச் சென்றது. அம்மா உடனே திருத்தினார். மகளோ அதனைச் சரியென்றே எடுத்துக்கொண்டிருந்தாள். "அவ என்ன பிழை செய்தவ?" என்று கேட்டாள். என்னைத் திடுக்கிடச் செய்தது இயந்திரத்தின் பிழை அன்று. அப் பிழையைக் கண்டுகொள்ளும் காது எங்கள் வீட்டில் எண்பத்திரண்டு வயதில் ஒன்று இருக்க, பதினைந்து வயதில் ஒன்று இல்லாதிருந்தமைதான்.

இன்னொரு மாலை ஈழத்துக் கதையொன்று. வாசித்தவர் மனிதரே. நல்ல குரல்வளமும் உடையவர். ஆனால் எம் பேச்சு வழக்கு அவருக்குப் புதிது. அக் கதை அச்சில் வந்த நாளில் நான் வாசித்திருந்தபடியால், கதைமாந்தர் "உவன்" என்று சொல்லும் இடங்கள் எனக்கு நினைவிலிருந்தன. அவர் அச்சுப்பிழை என்று கருதினார் போலும். அவ்விடங்களிலெல்லாம் "அவன்" என்றே வாசித்துக்கொண்டு போனார். அ, இ, உ என்னும் மூன்றையும் சுட்டு எனத் தொல்காப்பியம் கூறுகின்றது. தமிழ்நாட்டுப் பேச்சில் நடுச் சுட்டாகிய உகரம் மறைந்துபோக, யாழ்ப்பாணப் பேச்சில் அது உயிரோடு இருந்து வந்துள்ளது. வாசித்தவர் பிழையானவர் என்று நான் சொல்லவில்லை. "காற்று" என்ற சொல்லில் வரும் றகரத்தை அவர் ஒலிப்பதும் நாம் ஒலிப்பதும் வேறு வேறு. இரண்டும் தமிழே. ஆயினும் எம் கதையை எம் பிள்ளை கேட்கும்போது, எம் வீட்டில் வழங்கும் சொல் அங்கு இல்லாமற் போவது இழப்பல்லவா?

நல்லதொன்றும் அன்று நடந்தது. நான் நினைவுபடுத்தியதும் அம்மா கதையை நிறுத்தச் சொன்னார். உவன் என்றால் யார், அவன் என்றால் யார் என்று பேத்திக்கு விளக்கத் தொடங்கினார். மேசையிலிருந்த தேநீர்க் கோப்பைகளைத் தொட்டு, இது, உது, அது என்று காட்டினார். அரை மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தனர். பகல் முழுதும் யன்னலோரத்தில் இருக்கும் ஒரு முதியவருக்கு, தனக்குத் தெரிந்த ஒன்று இந் நாட்டில் ஒரு பிள்ளைக்குத் தேவைப்படுகின்றது என்ற உணர்வு எத்தனை நாட்களுக்கு ஒருமுறை கிடைக்கின்றது? அன்று முதல் எங்கள் வீட்டில் ஒலிநூல் தெரிவு அம்மாவின் காதைக் கடந்தே நடைபெறுகின்றது.

மூவர் கூடித் தெரிதல்

தெரிவு முழுவதையும் முதியவரிடம் விடுங்கள் என்று நான் கூறவில்லை. அப்படி விட்டால் எங்கள் வீட்டில் திருமுறையும் புராணமும் மட்டுமே மிஞ்சும். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு போய்விடும். நாங்கள் கைக்கொள்ளும் முறை இது. எதைப் பற்றிய நூல் என்பதைப் பிள்ளை தெரியட்டும். துப்பறியும் கதையோ, பேய்க்கதையோ, விளையாட்டு வீரரின் வாழ்க்கையோ, பிள்ளையின் விருப்பத்துக்குத் தடை சொல்லற்க. யாருடைய குரல் என்பதை முதியவர் தீர்மானிக்கட்டும். கணக்கைப் பணம் கொடுப்பவர் பார்க்கட்டும்.

ஒலிநூல் விற்போர் பெரும்பாலும் சில நிமிட மாதிரியை இலவசமாகக் கேட்கத் தருகின்றனர். அதனை முதியவரின் காதருகே வையுங்கள். நூலின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ முன்கூட்டிச் சொல்லவேண்டாம். பெயரைக் கேட்டதும் மதிப்பு வந்துவிடும். மூன்று கேள்விகள் போதும். வாசிப்பவர் பொருள் விளங்கி வாசிக்கின்றாரா? லகர, ளகர, ழகர வேறுபாடு காதில் விழுகின்றதா? இவரோடு பத்து மணி நேரம் இருக்க உங்களுக்கு விருப்பமா? மூன்றாவது கேள்விக்கு அம்மா சொல்லும் பதிலே பெரும்பாலும் சரியாக இருந்துள்ளது.

வீட்டில் முதியவர் இல்லாதோர் என்ன செய்வது? பக்கத்து மாடியில் ஒருவர் இருப்பார். முதியோர் ஒன்றுகூடல்களில் பலர் இருப்பர். ஊரிலிருக்கும் அப்பம்மாவைத் தொலைபேசியில் அழைத்து மாதிரியை ஒலிக்கவிடலாம். வழமையாக "சாப்பிட்டியா, அங்கை குளிரோ" என்ற இரு கேள்விகளோடு முடிந்துபோகும் உரையாடல் அன்று நீளும்.

பணம் கொடுப்பவர் பார்க்கவேண்டிய கணக்கில் முதலாவது நேரம். வீட்டிலுள்ள நாவலொன்றின் ஒரு பக்கத்தை உரக்க வாசித்து மணிக்கூட்டைப் பாருங்கள். எனக்கு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள் செல்கின்றன. அப்படியாயின் முந்நூறு பக்க நாவலுக்கு அறுநூறு நிமிடங்கள், அதாவது பத்து மணி நேரம் வேண்டும். அந்த நாவலின் ஒலிநூல் இரண்டரை மணி நேரம் என்றிருந்தால் அது சுருக்கம். சுருக்கத்தை வாங்குவது குற்றமன்று. ஆனால் முழுநூல் என்று எண்ணி வாங்கக்கூடாது. இரண்டாவது, வாசித்தவர் பெயர். அட்டையிலோ குறிப்பிலோ வாசித்தவர் பெயர் இல்லாத ஒலிநூலை நான் இப்போது வாங்குவதில்லை. பத்து மணி நேரம் தொண்டை வற்ற வாசித்த மனிதர் ஒருவர் இருந்தால், அவர் பெயரைப் போட என்ன தடை?

மூன்றாவது, எண்ணிக்கை. ஒருமுறை விலைக்கழிவு என்று நாற்பது ஒலிநூல்களை ஒன்றாக வாங்கிக் குவித்தேன். கேட்டு முடித்தவை மூன்று. ஊருக்குப் பணம் அனுப்பி, வீட்டு வாடகையும் கட்டும் குடும்பங்கள் நாம். மாதம் ஒன்று போதும். ஆண்டுக்குப் பன்னிரண்டு. அவற்றுள் ஐந்தேனும் ஈழத்தவருடையதாக இருக்கட்டும். மிகுதியில் தமிழ்நாட்டு எழுத்தும், மலேசியத் தமிழர் எழுத்தும், பிறமொழியிலிருந்து தமிழுக்கு வந்தவையும் இடம்பெறட்டும். புதிய வெளியீடு என்ற ஒரே காரணத்துக்காக எதனையும் சேர்க்கவேண்டியதில்லை. சென்ற ஆண்டு தவறவிட்ட நல்ல நூல் இந்த ஆண்டும் நல்ல நூல்தான்.

வாங்கியது யாருடையது?

முன்னர் குறிப்பிட்ட பிரதி பற்றிய விடயத்துக்கு வருகின்றேன். செயலிகள் மூலம் மாதச் சந்தாவுக்குக் கேட்பவை எம்முடைய நூலகத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை வாடகை நூல்கள். சந்தா நின்றதும் அலுமாரி பூட்டப்படும். ஒரு செயலியில் எனக்கும் இது நேர்ந்தது. ஓராண்டாக அம்மா பாதி பாதியாகக் கேட்டு வைத்திருந்த நான்கு நூல்கள், கடனட்டை மாறிய கிழமையில், குறியிட்ட இடங்களோடு மறைந்துபோயின.

விலை கொடுத்து வாங்கியதும் எப்போதும் எமதாவதில்லை. பல நிறுவனங்கள் விற்பது கேட்கும் அனுமதியை மட்டுமே. 2009 யூலையில், விற்கும் உரிமை இல்லாத ஒருவர் ஏற்றிய மின்னூல்கள் என்ற காரணத்தால், ஜோர்ஜ் ஓர்வெலின் நூல்களை அமேசன் நிறுவனம் வாங்கியோரின் கருவிகளிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததோடு, பின்னர் மன்னிப்பும் கேட்டது. 2019 இல் மைக்றோசொவ்ற் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபோது, வாங்கப்பட்ட நூல்களும் மறைந்தன. அங்கும் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பணம் திரும்பி வரலாம். பாட்டியும் பேத்தியும் பாதியில் நிறுத்திவைத்த கதை திரும்பி வருமா? இவை மின்னூல்கள் பற்றிய செய்திகளாயினும் ஒலிநூலுக்கும் பாடம் ஒன்றே. கோப்பாகத் தரையிறக்கி வைத்துக்கொள்ளவும், வேறொரு கருவியில் இரண்டாம் பிரதி வைக்கவும் இடந்தரும் விற்பனையாளரிடம் கிடைக்குமாயின், விலை சற்றுக் கூடினாலும் அங்கு வாங்குங்கள். வாடகைக்குக் கேட்பதும் நல்லதே. கேட்டுப் பார்த்து, மீண்டும் மீண்டும் கேட்கத்தக்கதை மட்டும் வாங்குவதற்கு அது உதவும்.

இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் வாங்கவேண்டும் என்று கேட்போர் உளர். இலவசமாகக் கிடைப்பவை இருவகைப்படும். கல்கியின் எழுத்துகளைத் தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. ஆகவே பொன்னியின் செல்வனை எவரும் வாசித்து வெளியிடலாம். பலரும் அதனை வாசித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றுள் நல்ல குரலைத் தெரிவது மட்டுமே எமது வேலை. ஆனால் உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நூலை அவரைக் கேளாமலே வாசித்து யூரியூப்பில் ஏற்றிவிடுவதும் நடக்கின்றது. எம் எழுத்தாளர் பலர் கைப்பணம் போட்டே நூலை அச்சிட்டவர்கள். அவர்களின் உழைப்பை இலவசம் என்று நாமே எடுத்துக்கொண்டால் அடுத்த நூலை அவர் எதைக்கொண்டு எழுதுவார்?

மறுப்போர்க்கு

"எதையாவது தமிழிற் கேட்டாற் போதாதா? இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?" என்று தந்தை ஒருவர் என்னிடம் கேட்டார். அவரது களைப்பு எனக்கு விளங்குகின்றது. இரண்டு வேலை செய்துவிட்டு 401 நெடுஞ்சாலையில் நெரிசற்பட்டு வீடு வருபவர் அவர். ஆனால் அதே மனிதர் மகனுக்குச் சப்பாத்து வாங்கும்போது போட்டுப் பார்த்து, நடந்து பார்த்து, வாங்குகின்றார். சப்பாத்து ஓராண்டிற் சிறுத்துவிடும். காதில் விழுந்த மொழி அப்படி மாற்றக்கூடியதன்று.

"கேட்கப் பழக்கினால் பிள்ளை வாசிக்கவே மாட்டாது" என்பது மற்றொரு மறுப்பு. ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் இதனை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். கேட்டல் வாசிப்புக்குப் பதிலாகாது. ஆனால் அதற்கு முன்னே நடந்து வழிகாட்டும். கதையின் சுவை தெரிந்த பிள்ளைக்கே எழுத்தைக் கூட்டும் பொறுமை வரும். ஆகையால் முடிந்தவரை அச்சு நூலையும் மடியில் வையுங்கள். ரொறன்ரோ பொதுநூலகத்தின் பல கிளைகளில் தமிழ் நூல்கள் உள்ளன. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்களோடு பொன்னியின் செல்வனும் கிடைக்கும். 2005 இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. காது முன்செல்லக் கண் பின்தொடரட்டும். என் மகள் இப்போது ஒரு பக்கத்தை வாசிக்க எடுக்கும் நேரம் சென்ற ஆண்டில் எடுத்ததிற் பாதி.

எமது குரல் எங்கே?

பட்டியல்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குறை என் மனத்தை உறுத்துகின்றது. ஆண்டுக்கு ஐந்து ஈழத்து ஒலிநூல்கள் என்று மேலே எழுதினேன். அந்த ஐந்தைத் தேடிப் பிடிப்பதே கடினமாக இருக்கின்றது. கே. டானியலின் பஞ்சமரும் செங்கை ஆழியானின் வாடைக்காற்றும் எம் பேச்சுமொழி தெரிந்த குரலில், உரியவர்களின் அனுமதியோடு, வெளிவருமாயின் எத்தனை வீடுகள் வாங்கும்! இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் அசன்பே சரித்திரம் 1885 இல் வெளிவந்தது. அதனை எழுதிய சித்திலெப்பை 1898 இல் மறைந்தார். அதற்கு எவரிடமும் உரிமை கேட்கவேண்டியதில்லை.

இந் நகரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர்! இலங்கை வானொலி நாடகங்களைக் கேட்டே ஏற்ற இறக்கம் பழகியவர்கள் எத்தனை பேர்! ஊர்க் கோயிலில் பயன் சொன்னவர்கள் சிலரேனும் இன்னும் எம்மிடையே இருக்கின்றனர். தமிழ் வகுப்பு ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு நூலைப் பங்கிட்டு வாசித்துப் பதியட்டும். ஒலிப்பதிவுக் கூடம் வேண்டியதில்லை. போர்வை தொங்கவிட்ட சிறு அறையும் ஒரு கைத்தொலைபேசியும் தொடக்கத்துக்குப் போதும். பதிந்ததை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல், மூன்று வீடுகளில் மூன்று பிரதிகளாக வையுங்கள். இதனை நான் ஏன் வற்புறுத்துகின்றேன் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

அதுவரை, அடுத்த மாதப் பட்டியல் உங்கள் கைக்கு வரும். அதனை எனக்கு அனுப்புமுன் யன்னலோரத்தில் இருப்பவரிடம் போங்கள். பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, மாதிரியை ஒலிக்கவிட்டு, "அம்மா, இவற்றை குரல் எப்பிடி?" என்று கேளுங்கள். அவர் "நிப்பாட்டு" என்று சொன்னால் நிப்பாட்டுங்கள். "கொஞ்சம் இருக்கட்டும், கேப்பம்" என்று சொன்னால் அந்த நூலை வாங்குங்கள்.